அழுத்திப் பிடித்தால் இறங்கும்

ஹெரால்டுக்குத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சிசி, ஃபியட்டுக்கு ஆயிரத்து எண்பத்தொன்பது, அதில் தகராறு இல்லை, ஆனால் ஹெரால்டின் குதிரைத்திறன் முப்பத்தைந்தா முப்பத்தொன்பதா என்பதில்தான் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு கணக்கு சொல்கிறார்கள் என்று கேசவராஜு போர்ட்டிகோவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது அப்பா போன துக்கம் இன்னும் ஆறாத மூத்த பிள்ளையின் முகம். வருஷத் திதி முடிந்து வீட்டில் விபூதி வாசனைகூடப் போகவில்லை. வீடும் தோட்டமும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தாகிவிட்டது, மிச்சம் இருந்தவை இந்த இரண்டு கார்கள்தான். வெள்ளை ஹெரால்டும் கரும்பச்சை ஃபியட்டும் கழுவித் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் சொத்தை இரண்டு பங்காக வைத்து, ஒவ்வொன்றின் நிறையையும் குறையையும் பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வான். மூத்தவன் ஏதாவது குறையை மறைத்திருந்தது தெரிந்தால் இரண்டு பங்குமே இளையவனுக்குப் போய்விடும். பிரிக்கிற கையும் எடுக்கிற கையும் வேறாக இருந்தால் வஞ்சனை வராது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனுஷன் நினைத்திருக்கிறான். அந்த நல்ல மனுஷனுக்குக் கேசவராஜுவைத் தெரியாது. எதிரே தாய்மாமன் பலராமன், ராகு காலம் வருவதற்குள் முடிய வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி துளசிராம் இரண்டு கார்களையும், நகைக்கடைக்குள் வழி தவறி வந்தவனைப் போல, மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்கு என்னங்ண்ணா தெரியும், நீங்களே சொல்லுங்க, எது நல்ல வண்டி?” என்று துளசிராம் கேட்டபோது கேசவராஜுவுக்கு உள்ளே இனித்தது. கேட்டான் பார், கேட்டுவிட்டான். ஐம்பதை நெருங்குகிறவன், தலை பாதி நரைத்தவன், இன்னும் அண்ணன் வாயைப் பார்த்துத்தான் சோறு தின்பான். சொன்னார். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஹெரால்டுக்கு இரண்டே கதவு, பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து ஏற வேண்டும், ஃபியட்டுக்கு நாலு கதவு. ஹெரால்டின் கியர் தரையில், ஃபியட்டுக்கு ஸ்டியரிங் பக்கத்தில். ஹெரால்டு அடிச்சட்டத்தின் மேல் உடம்பைத் தனியாக ஏற்றி முடுக்கியது, அதனால் பழசாகப் பழசாக மூட்டு மூட்டாக முனகும். ஃபியட்டில் உடம்பே சட்டம், முனகல் கம்மி. சக்கரத்துக்குச் சக்கரம் நீளம் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ அரை அங்குலம்தான் வித்தியாசம். மேட்டில் ஏறும்போது ஃபியட்டுக்குக் கியர் மாற்றுகிற வேலை குறைவு. ஹெரால்டை வேகமாக வளைவில் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஹெரால்டுக்குப் பெருமை என்றால் ஒன்றுதான், இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், நம்ம வாசலிலேயே ஒரே திருப்பு. “அது ஆட்டோக்காரனுக்கு வேணும், உனக்கெதுக்கு?” என்றதும் மாமா உட்படச் சிரித்தார்கள். துளசியின் மனைவி கோமதி சிரிக்கவில்லை. அவள் மடியில் இருந்த மகள் மீனு, ஏழு வயசு, எதற்கென்று தெரியாமல் சிரித்தது. எல்லாக் கணக்கிலும் ஃபியட்தான் ஒரு படி மேலே. அது அவருக்கு வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. அவருக்கு வேண்டியது ஹெரால்டு.

ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது, வந்தாலும் சொல்ல மாட்டார். பதினாறு வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளை வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினார். சின்ன நசுங்கல்தான், தட்டி எடுத்தால் போய்விடும், போயும்விட்டது. அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “உனக்கு வண்டியைப் பத்தி வாய்தான் ஓடும்டா” என்றார், அவ்வளவுதான், அதன் பிறகு அந்தச் சாவி அவர் கைக்கு வரவே இல்லை. துளசிக்கு மட்டும் கால் எட்டுவதற்கு முன்பே அப்பா மடியில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். துளசி வளைவில் திருப்பினால், “பாரு, வெண்ணெய் மாதிரி திருப்பறான்” என்பார். விருந்தாள் வந்தால் மட்டும் மூத்தவனுக்கு வேலை. “கேசவா, ரெண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம், சொல்லு” என்று கூப்பிடுவார், இவர் வந்து நின்று சிசியும் கியரும் அங்குலமுமாக ஒப்பிப்பார், விருந்தாள் ஆச்சரியப்படுவார், அப்பா சின்னவனிடம் சாவியை எறிந்து, “மாமாவ ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வா” என்பார். வாய் ஒருத்தனுக்கு, சக்கரம் ஒருத்தனுக்கு. தூணில் அந்த வெள்ளைக் கீறல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத் தலை திரும்பியது, கேசவராஜு அதைப் பாதியில் பிடித்து நிறுத்தினார். ஹெரால்டு கிடைத்தால் ஓட்டுவாரா? மாட்டார். பின்னால் ஷெட்டில் தள்ளி ஒரு தார்ப்பாய் போட்டு மூடுவார். எலி கூடு கட்டட்டும். துளசி தீபாவளிக்கு வரும்போது ஷெட் கதவைப் பார்ப்பான், கேட்க வாய் வராது, கேட்டாலும், சாவி எங்கேயோ வைத்துவிட்டேனே என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கலாம், அதில் கஷ்டமே இல்லை.

ஆனால் ஃபியட்டில் ஒன்று இருந்தது. போன மாதம் தடாகம் ரோட்டில் ஒரு நாள் சாயங்காலம் லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தார். நின்றது. லாரி நகரவில்லை, சரிவு, காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பெடல் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, காலுக்கு அடியில் இறங்கிக்கொண்டே போனது, தரை வரைக்கும். வண்டி நகர ஆரம்பித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். லாரியின் பின்பலகைக்கும் மூக்குக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். எண்ணெய் வெளியே ஒரு சொட்டும் இல்லை. பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது, அழுத்தம் தாங்காமல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, அவருக்குத் தெரியாதா. புது ரப்பர் போட ஒரு மத்தியானம் போதும். போடவில்லை. எவனோ ஓட்டப்போகிற வண்டிக்கு நான் ஏன் போட வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தார், அப்படித்தான் நினைத்ததாக இப்போதும் நினைத்துக்கொண்டார். ஆனால் லாரிக்குப் பின்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில், பெடல் இறங்கும்போதே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் துளசியின் முகம் வந்தது, வாய் பிளந்து, கண் விரிந்து. வந்தது தப்பில்லை. வருவது யார் கையிலும் இல்லை. அது கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டாரே, அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். சும்மா பார்த்தால் என்ன? பார்ப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றும் செய்யவில்லையே நான், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. செய்யாமல் விட்டது எதில் சேரும்? எதிலும் சேராது. இரண்டு மூன்று மிதி மிதித்துப் பார்க்கிறவனுக்குக் கல் மாதிரி நிற்கும், அழுத்திப் பிடித்தால்தான் இறங்கும், யார் அழுத்திப் பிடிக்கப் போகிறார்கள்?

“சரி கேசவா, நிறை எல்லாம் சொல்லிட்ட. கொறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிரு, அப்புறம் எம்பட தலைய உருட்டக் கூடாது” என்றார் மாமா. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்ததுதான், ராத்திரி படுக்கையில் பதில்கூடச் சொல்லிப் பார்த்திருந்தார். சொன்னால் என்ன ஆகும்? துளசி பயந்தவன், பிரேக் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஹெரால்டைத் தொட்டுவிடுவான். சொல்லாவிட்டால்? பத்து நாள் சிங்காநல்லூரில் தன் வீட்டுச் சந்துக்குள் ஓட்டுவான், ஏதாவது சிக்னலில் கால் இறங்கும், எவன் வண்டியிலாவது லேசாக முட்டுவான், மூக்குடைபட்டு வந்து, அண்ணா இப்படி ஆயிடுச்சுங்ண்ணா என்பான், பழைய வண்டின்னா அப்படித்தாண்டா என்று சொல்லி ரப்பர் வாங்கிக் கொடுத்தால் போகிறது. இப்படி எல்லாமே அழகாக அடுக்கி வைத்திருந்தார். “ஹெரால்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் துரு இருக்குதுங் மாமா. ஃபியட்ல ஒண்ணுமில்லீங்” என்றார். குரல் சுத்தமாக வந்தது, அவருக்கே ஆச்சரியம். துளசி எழுந்து ஹெரால்டின் பக்கம் போனான். அதன் பானெட்டை, முன்னால் முழுசாகத் தூக்குகிற அந்த வெள்ளைப் பானெட்டை, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான். எடுத்துவிடுவான். அப்பாவின் செல்லம், எடுத்துவிடுவான், நாய்க்குட்டி மாதிரி மோந்துகொண்டு நிற்கிறான் பார். பிறகு திரும்பி, “அண்ணனுக்கு எப்பவுமே ஹெரால்டு மேலதாங் மாமா ஆசை. அப்பா அவரத் தொட விட்டதே இல்ல. நான் ஃபியட்டே எடுத்துக்கறனுங்” என்றான்.

அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன அவனுக்கு? சும்மா எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? கேசவராஜுவுக்குக் காது மடல் சுட்டது. தந்திரமாக ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்கு நடுவில் புகுந்து பிச்சை போட்டுவிட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மடியில் உட்கார்ந்து திருப்பியிருக்கிறான். சரி, போ, ஓட்டு, நன்றாக ஓட்டு என்று நினைத்தார், நினைத்த வேகத்தில் பல் கடிபட்டது. அதற்குள் கோமதி எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து ஃபியட்டின் சக்கரங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “ராகு காலத்துக்கு முன்னாடி வண்டி வாசல் தாண்டிரோணும். நேரா மருதமலைக்குப் போய்ப் பூசை போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகோணும், என்ன?” என்றார். “அதுக்குத்தானுங் தேங்காப் பழமெல்லாம் வாங்கி வெச்சிருக்கறோம்” என்றாள் கோமதி.

மருதமலை. கோயமுத்தூரில் பிறந்த எவனும் ஒரு சைக்கிள் வாங்கினாலும் முதலில் மருதமலைக்குத்தான் உருட்டிக்கொண்டு போவான், கேசவராஜுவே மூன்று வண்டிகளுக்குப் போயிருக்கிறார், எல்லாவற்றையும் யோசித்தவர் இதை மறந்துவிட்டார். சிங்காநல்லூர் சந்து, சிக்னல், லேசான முட்டல் என்று அடுக்கிய சீட்டெல்லாம் சரிந்தது. ஏறுவதற்கு ஒன்றுமில்லை, இரண்டாவது கியரில் ஃபியட் ஆடாமல் அசையாமல் ஏறும். இறங்குவதுதான். தெரிந்தவன் அதே இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். துளசி தன் வீட்டில் வைத்து ஓட்டுவது கியர் மாற்றவே வேண்டாத கார், மேலே இருந்து கீழே வரைக்கும் பிரேக்கிலேயே உட்கார்ந்துகொண்டு வருவான், அழுத்திப் பிடித்துக்கொண்டு. அழுத்திப் பிடித்துக்கொண்டு. சொல்லிவிடு. இப்போது சொன்னால் இரண்டு வண்டியும் போகும். வண்டி போகட்டும், மாமா ஊரெல்லாம் சொல்வார், தம்பியைக் கொல்லப் பார்த்தான் என்று. கொல்லவா பார்த்தேன்? ரப்பர் தேய்ந்தது, நானா தேய்த்தேன்? ஹேண்ட்பிரேக் இருக்கிறதே, ஒரு முழத்தில் நிற்கவில்லையா நான்? நிற்பான். இப்போதே, சாவி கொடுக்கும்போது, விளையாட்டாகச் சொல்கிற மாதிரி, துளசி, இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாடா என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், பாவமும் இல்லை பழியும் இல்லை. போடு. வாய் திறக்கிறது பார், வண்டியைப் பற்றி எந்நேரமும் ஓடுகிற வாய். துளசி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான், குனிந்த அவன் உச்சந்தலையில் வழுக்கை விழுந்திருந்த இடம் தெரிந்தது, அப்பாவுக்கு விழுந்த அதே இடம். கேசவராஜு ஆசீர்வாதம் செய்தார். சாவியைக் கொடுத்தார். சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, ஒன்று தெறித்து ஓரமாக ஓடியது. கோமதி முன்சீட்டில், மீனு பின்சீட்டு ஜன்னலில் முகத்தை வைத்து, “பெரியப்பா, டாட்டா” என்றாள். கேசவராஜு கையாட்டினார். கை ஆடியது, அதுவும் நன்றாகவே ஆடியது. ஒரு குழந்தை இருக்கிறதே உள்ளே என்று ஒன்று எழுந்தது, அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் போய் நின்றுகொண்டார். துளசி மெதுவாகத்தான் போவான், எப்பவுமே மெதுவாகப் போகிறவன், கடவுள் இருக்கிறார், மலையே அவருடையதுதானே. இன்னும் ஐந்து நிமிஷம் போனால் கண்ணுக்குத் தெரியாது, தெரியாத இடத்தில் நடப்பதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று அவர் கிட்டத்தட்ட சமாதானத்துக்கு வந்துவிட்ட நேரத்தில், வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் சாருலதா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடி வந்தாள். “சித்தப்பா, சித்தப்பா, நானும் வர்றேன்!” கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. பின்கதவு திறந்தது, சாரு ஏறினாள், மீனு அவள் மடிக்குத் தாவியது, கதவு சாத்திக்கொண்டது. எல்லாம் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிட்டது.

“சாரு, எறங்கு.” தன் குரல்தானா என்று கேசவராஜுவுக்குச் சந்தேகம், அது அவ்வளவு சத்தமாக இருந்தது. “ஏம்ப்பா? மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்.” “எறங்குன்னா எறங்கு.” “சித்தப்பாதானே ஓட்டறாரு, என்ன இப்ப?” அவர் ஓடினார். அறுபதை நெருங்குகிறவர் போர்ட்டிகோப் படி இரண்டையும் ஒரே தாவாகத் தாண்டி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடியதை மாமா பார்த்தார், கோமதி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கதவைத் திறந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வளையல் ஒன்று உடைந்தது. சாரு வெளியே வந்து விழாத குறையாக நின்றாள். அவர் கதவைச் சாத்தினார். சாத்தினார், மடியிலிருந்து நழுவிச் சீட்டில் உட்கார்ந்திருந்த மீனு உள்ளே இருக்க, கதவைச் சாத்தினார். அதைச் செய்த பிறகுதான் எல்லோரும் அசையாமல் நிற்பது அவருக்குத் தெரிந்தது. துளசிராம் திரும்பி அண்ணனின் கையைப் பார்த்தான், அந்தக் கைக்குள் இருந்த சாருவின் மணிக்கட்டைப் பார்த்தான். வேகமாகப் புரிந்துகொள்கிறவன் இல்லை அவன். மெல்லத் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான், நின்றது. அழுத்தினான், அழுத்திப் பிடித்தான், காலை எடுக்கவில்லை. முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனதைக் கேசவராஜு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துளசி எஞ்சினை அணைத்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கத்துவான் என்று கேசவராஜு எதிர்பார்த்தார், கத்தினால் நல்லது, கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், பழைய வண்டி, எனக்கென்ன தெரியும் என்று அடித்துப் பேசலாம், அதற்கு வேண்டிய வார்த்தைகளெல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. துளசி சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டான். கோமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமா பின்னாலிருந்து, “என்னடா ஆச்சு, நேரமாவுது, எடுங்கடா வண்டிய” என்று கூப்பிட்டார். சாரு தன் மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்தாள், அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி ஒரு பார்வை.

“மீனுவ ஏம்ப்பா எறங்கச் சொல்லல?” என்று கேட்டாள்.